நாலாவது கால் எங்கே?

அவளை வீட்டில் எல்லோரும் ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அம்மா தச்சுவேலை செய்பவர்.

“வாலு, முக்காலிக்குக் கால் வெட்டணும். உன் சாணுக்கு மூணு மூணு சாணா நாலு துண்டு குறிச்சு வை. குடை அத்தை சாயங்காலம் வந்துடுவாங்க.”

குடை அத்தை தெருமுனையில் உட்கார்ந்து குடை பழுது பார்ப்பவர். அங்கே தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். அவருடைய பழைய நாலுகால் முக்காலி ஆடி ஆடி, அவர் இடுப்பை ஒரு வழி பண்ணிவிட்டது. அதை மாதிரிக்காக இங்கே விட்டுப் போயிருந்தார்.

வாலு கட்டையைச் சாண் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு சாண். முந்நான்கு பன்னிரண்டு. நான்மூன்றும் பன்னிரண்டுதான். பெருக்கும்போது எண்களை மாற்றிப் போட்டாலும் விடை மாறாதே! நாலு நாலு சாணாக மூன்று துண்டு என்றால் ஒரு கோடு போடும் வேலை மிச்சம். அப்படியே குறித்துவிட்டாள்.

அம்மா அவளை நம்பி, கோட்டின் மேல் ரம்பத்தை ஓட்டினார். பிறகு எண்ணினார்.

“நாலாவது கால் எங்கடி?”

வாலு திருதிருவென்று விழித்தாள். “மொத்தம் பன்னிரண்டு சாண் சரியா இருக்கும்மா...”

“கணக்கு சரிதான். அத்தை கணக்கு மேலயா உட்காருவாங்க?”

வேறு நல்ல கட்டையும் இல்லை. அத்தையின் இடுப்பை நினைத்து வாலுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பழைய முக்காலியை வாசலுக்கு இழுத்து வந்து உட்கார்ந்தாள். இப்படிச் சாய்ந்தால் அந்தக் கால் தூக்கியது. அப்படிச் சாய்ந்தால் இந்தக் கால் தூக்கியது.

“அம்மா! இதுல எப்பவும் ஒரு கால் சும்மாவேதான் இருக்கு. மூணே மூணு கால் வச்சா என்ன?”

அம்மா யோசித்தார். சிரிப்பு வந்துவிட்டது. “வச்சுத்தான் பார்ப்போமே. ஆனா உயரம் அதிகம், ஒவ்வொண்ணுலயும் ஒரு சாண் கழிக்கணும். இதையும் மாத்திப் போட்டுடாதே தாயே! நாலுல ஒண்ணு போகும். ஒண்ணுல நாலு போகாது.”

சாயங்காலம் அத்தை வந்தார். “என்னம்மா இது, ஒரு கால் குறையுதே?”

“நான்தான் கணக்கை மாத்திப் போட்டுட்டேன் அத்தை,” என்றாள் வாலு. “உட்கார்ந்து பாருங்களேன்.”

அத்தை மேடும் பள்ளமுமான இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். இடப்பக்கம் அசைந்தார், வலப்பக்கம் அசைந்தார். முக்காலி அசையவே இல்லை.

“அடி என் தங்கமே!” என்று வாலுவை இழுத்து அணைத்துக்கொண்டார். “நான் கேட்டதே முக்காலிதானே? முக்காலின்னா மூணு கால்தானே!”

அம்மா தலையைச் சொறிந்தார். “அப்போ இத்தனை நாளா நான்தான் கணக்குல தப்பு பண்ணியிருக்கேன்!”