சூடு ஆறாத பலகை

சாரல் விட்டபாடில்லை. கடைசி வளைவில் திணறி ஏறிய ஜீப், வனத்துறையின் பழைய தங்கும் விடுதி முன்னால் வந்து நின்றது. காட்டு விலங்குகளைப் படமெடுக்கும் படக்காரிக்கு இறங்கவே மனசு வரவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டியவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல் போல முனகின.

ஒரு கருஞ்சிறுத்தைக்காகத்தான் இத்தனை வருஷமாக இந்த மலைக்கு நடையாய் நடக்கிறாள். மான், மரநாய், ஆந்தை எல்லாம் அவள் தொகுக்கும் புத்தகத்தில் இடம் பிடித்துவிட்டன. கருஞ்சிறுத்தைக்கு ஒதுக்கிய பக்கம் மட்டும் காலியாகவே கிடந்தது. சேற்றில் தடம் இருக்கும், மரப்பட்டையில் நகக்கீறல் இருக்கும். அவளுக்கு மட்டும் அது தண்ணி காட்டிக்கொண்டே இருந்தது.

"இதான் கடைசித் தடவைன்னு போன தடவையும் சொன்னே," என்றான் தம்பி, பைகளை இறக்கியபடி.

"இந்தத் தடவை நிஜமாவே முடியலடா."

அவள் குரலைக் கேட்டு அவன் கேலியை அதோடு நிறுத்திக்கொண்டான். வீட்டில் அவனுக்கு மூட்டை என்று பெயர். எங்கே இறக்கி வைத்தாலும் அங்கேயே தூங்கிவிடுவான். காதோரம் நரைத்த பிறகும் பெயர் மாறவில்லை. வண்டி ஓட்ட, சுமை தூக்க, அக்காவைச் சிரிக்க வைக்க என்று எல்லாப் பயணத்துக்கும் கூடவே வருகிறவன்.

வனக்காவலர் சாவியோடு வந்தார். "குட்டைக்கு நேரா பழைய குடில் ஒண்ணு இருக்கு மேடம். மறைஞ்சு உக்காந்து பார்க்கறதுக்குன்னு யாரோ கட்டினது. நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சு. அங்கதான் தடம் நிறைய விழுது."

மறுநாள் காலை அவள் மட்டும் அங்கே போனாள். பலகை அடித்த சின்ன அறை. குட்டையைப் பார்த்து ஒரு நீளப் பிளவு. அதன் முன்னால் சுவரோடு சுவராக ஓர் இருக்கைப் பலகை. உள்ளே நனைந்த கம்பளி வாடை. கேமராவை முக்காலியில் பூட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

பலகை சூடாக இருந்தது.

இப்போதுதான் யாரோ எழுந்து போனது போன்ற சூடு. அவளுக்கு இருந்த அலுப்பில் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. இதமாக இருக்கிறதே என்று சாய்ந்துகொண்டாள்.

மழைச் சத்தத்தினூடே மூச்சுச் சத்தம் ஒன்று கேட்டது. தன் மூச்சுதான் என்று நினைத்தாள். அவள் மூச்சை அடக்கிய பிறகும் அது நிற்கவில்லை. மரத்துப்போன காலை நீட்டப் போனபோது காதருகே ஒரு கிசுகிசுப்பு.

"அசையாத."

அவளும் அசையவில்லை. பயந்து அல்ல. அசையாமல் இருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பசி இல்லை, வீட்டு நினைப்பு இல்லை. இருட்டுவதற்கு முன் தம்பி வெளியே நின்று அக்கா, அக்கா என்று தொண்டை வறளக் கூப்பிட்ட பிறகுதான், வேரைப் பிடுங்குவது போல எழுந்து வந்தாள்.

அன்று படுத்தவளுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. குடிலில் கேட்டதை அந்தக் காய்ச்சலின் கணக்கிலேயே எழுதிவிட்டாள்.

காலையில் தம்பி தேநீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "நீ படு. ஒரு நாள் நான் உக்காந்தா சிறுத்தை என்ன கோவிச்சுக்குமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கண் தானாகச் சொருகிக்கொண்டது.

விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. சாப்பாடு மூடியபடி ஆறிக் கிடந்தது. உலகமே புரண்டாலும் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடாதவன் அவன். போர்வையை உதறிவிட்டு மழையில் இறங்கினாள்.

குடில் கதவு திறந்தே இருந்தது. தம்பி கேமராவில் கண் வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் தூங்கவில்லை. குடுவை திறக்கப்படவே இல்லை. கழுத்தில் அட்டைகள் ரத்தம் குடித்துப் பருத்துத் தொங்கின. ஓர் எறும்பு அவன் கண்ணிமை மேல் ஏறி, ஓரமாக நடந்து, இறங்கியது.

அவன் இமைக்கவில்லை.

"டேய், எழுந்திரு."

"அசையாத." உதடு அசைந்தது. அது அவன் குரல் இல்லை. "வரப்போகுது."

தோளைப் பிடித்து இழுத்தாள். மூட்டை அசையவில்லை. சட்டைக்குள் உடம்பு கல்லாய்க் குளிர்ந்திருந்தது. அவனுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த பலகை மெல்லக் கிறீச்சிட்டது. யாரோ நகர்ந்து இடம் விடுவது போல.

"உக்காரு."

அப்போது அது வந்தது.

குட்டைக்கு அந்தப் பக்கப் புதரிலிருந்து ஒரு துண்டு இருட்டு பிரிந்து வந்தது. மினுமினுக்கும் முதுகு, சத்தமே எழாத நடை. தண்ணீர் விளிம்பில் நின்று தலையைத் தூக்கி, நேராகக் குடிலைப் பார்த்தது. அந்தக் கண்களில் பயமோ சந்தேகமோ இல்லை. பழகியவர்களைப் பார்க்கும் பார்வை.

அவள் கை தானாகக் கேமராவுக்குப் போனது. ஒரே ஒரு படம். இத்தனை வருஷ அலைச்சலுக்கும் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு எழுந்துவிடலாம். முழங்கால்கள் மடிந்தன. பலகையின் சூடு புடவை வழியே தொடையில் ஏறத் தொடங்கியது. எல்லா அலுப்பும் கரைந்துகொண்டு வந்தது.

பொத்தானைத் தேடிய விரல், அதன் மேலேயே இருந்த தம்பியின் விரலில் பட்டது.

பனிக்கட்டி.

அடிவயிற்றிலிருந்து கத்தினாள். குடுவையைத் தூக்கிப் பலகைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தாள். சிறுத்தை துள்ளித் திரும்பியது. புதர் ஒரு முறை அசைந்தது. குட்டைக் கரை வெறிச்சோடியது.

தம்பி அவள் மேலேயே சரிந்தான். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன் போல மூச்சை இழுத்தான். "அக்கா," என்றான், இப்போது அவன் சொந்தக் குரலில். "குளிருதுக்கா."

குடிலுக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஏமாந்துபோன, சலித்துப்போன பெருமூச்சு. அது அடங்குவதற்குள் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும் சில.

கேமராவை எடுக்கக்கூட அவள் நிற்கவில்லை. தம்பியை அணைத்து இழுத்துக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து விடுதிக்கு வந்தாள். நடந்ததைக் கேட்ட காவலர் சிரிக்கவில்லை. தம்பியின் கழுத்தைப் பார்த்தார், அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். "அந்தக் குடிலைப் பிரிச்சுப் போட்டுடறேன் மேடம். நீங்க இப்பவே கிளம்புங்க," என்றார்.

ஊர் திரும்பியதும் புத்தகத்திலிருந்து அந்தக் காலிப் பக்கத்தை எடுத்துவிட்டாள். தம்பி தேறினான். சாப்பிட்டான். ஆனால் பகலில் தூங்குவதை விட்டுவிட்டான். இருக்கையில் சாய்ந்து கண் சொருகினாலே பதறி எழுந்து நடப்பான்.

சில வாரம் கழித்துக் காவலர் போன் செய்தார். பின்னால் மழை இரைந்தது.

"குடிலைப் பிரிச்சாச்சு மேடம். ஒரு பலகை விடாம எரிச்சாச்சு. போன வாரமே."

"ரொம்ப நன்றிங்க," என்றாள்.

காவலர் போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப அந்த இடத்துலதான் நிக்கிறேன். காலையிலிருந்து மழை கொட்டுது. குட்டை நிரம்பி வழியுது. ஆனா அந்த இருக்கை இருந்த இடத்துல மட்டும் மண்ணு காய்ஞ்சு கிடக்கு மேடம். வட்ட வட்டமா, வரிசையா. ஒவ்வொண்ணும் ஒரு ஆள் உக்கார்ற அளவு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நடுவுல ஒரே ஒரு இடம்தான் நனைஞ்சிருக்கு. யாருக்கோ இடம் விட்டு வெச்ச மாதிரி."