‘வீடு’ இணைப்பில் உள்ளது

மூன்றாவது மாடிக்கு அவள் ஏறி வந்தபோது பகல் பதினொன்றரை மணி. படிக்கட்டு முழுக்க வெயில். பயப்படுகிற நேரமே இல்லை அது. முன்னால் ஏறிய காவலாளி சாவிக்கொத்தைத் துழாவியபடி திரும்பிப் பார்த்தார்.

“நீங்க சாரோட தங்கச்சிதானே? கண்ணாடிக் கடையில இருக்கிறவங்க?”

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் லென்ஸ் தேய்க்க, இவள் ஃப்ரேம் மாட்ட, பதினெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“ஆமா.”

“அடிக்கடி சொல்லுவாரு உங்களைப் பத்தி. இங்க இருந்த அந்தம்மா செத்துப்போய் ரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறமும் சார் தனியா வந்து உக்காந்திருப்பாரு. இப்ப அவரும் போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். எட்டு மாசமா கரண்ட்கூட இல்ல, பாத்து நடங்க.”

வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று ஊரெல்லாம் பெயர் அவருக்கு. அவர் ஆசையாகச் செய்த வேலை ஒன்றே ஒன்று, குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்துவது. மூன்று கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார். கீழே கடையில் உள்ளதற்கு ‘கடை’ என்று பெயர். அவர்கள் குடியிருந்த மேல்தளத்தில் உள்ளது ‘மாடி’. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளிடம் இருப்பது ‘மகள்’. ஒன்றில் படம் போட்டால் மற்றவற்றிலும் வந்துவிடும், ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் போய்விடும். எவையெல்லாம் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலை அவள் திறந்தே பார்த்ததில்லை. நம்பிக்கைதான், வேறென்ன.

அவர் செத்து எட்டு மாதம் கழித்து, போன வாரம், படங்களிலிருந்து மறையத் தொடங்கினார். கடற்கரைப் படத்தில் அவள் கை வெறும் காற்றைக் கோத்துக்கொண்டு நின்றது. மகள் போனில் அழுதாள்.

“அப்பா என்னைத் தூக்கி வெச்சிருப்பாரே, அந்தப் படத்துல அப்பா இல்லம்மா. நான் மட்டும் அந்தரத்துல இருக்கேன்.” இணைப்புப் பட்டியலைத் திறந்தாள். “லிஸ்ட்ல நாலாவதா ஒரு கம்ப்யூட்டர் இருக்கும்மா. அங்கேருந்துதான் எல்லாம் மாறுது. அதுக்குப் பேரு ‘வீடு’.”

அந்தப் பெயர்தான் அவளை அறுத்தது. இத்தனை வருஷம் அவள் குடியிருந்தது வெறும் மாடி.

அந்த ‘வீட்டில்’ எடுத்த பழைய படமொன்றில் இடம் பதிவாகியிருந்தது. மகள் தேடிக் கொடுத்த விலாசத்தில்தான் இப்போது நிற்கிறாள்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அடைந்து கிடந்த காற்றோடு லென்ஸ் துடைக்கும் திரவத்தின் வாசனை வந்தது. அவர் விரல்களில் எப்போதும் இருந்த வாசனை. உள் அறையில் ஏதோ ஒன்று மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

மேசைமேல் கணினித் திரை ஒளிர்ந்தது.

அதன் வயரைக் கண்ணால் தொடர்ந்தாள். பிளக் தரையில் கிடந்தது.

திரையில் அதே கடற்கரை. அவர் இருந்தார். பக்கத்தில் வேறொருத்தி. அவள் மூக்கில் இருந்த நீல ஃப்ரேமை இவள் உற்றுப் பார்த்தாள். தெரிந்தவர் ஒருவருக்கு வேண்டும் என்று அவர் கேட்க, இவளே பத்து ஃப்ரேம்களைக் கலைத்துப் பொறுக்கிக் கொடுத்தது அது.

படம் தானாக மாறியது. அவர் கைகளை நீட்டி நின்றார். கைகளில் ஒன்றுமில்லை.

பிறகு அந்தக் கைகளில் இரண்டு குட்டிப் பாதங்கள் தெரிந்தன.

போன் அடித்தது. “அம்மா, அந்தப் படத்துல என் கால் மறையுதும்மா.”

“இணைப்புலேருந்து உன் கம்ப்யூட்டரை எடு. இப்பவே.”

“எடுத்துட்டா அப்பா திரும்ப வரவே மாட்டாரேம்மா.”

“அவரு வரலடி. உன்னைக் கூட்டிட்டுப் போறாரு.”

மகள் எடுத்துவிட்டாள். இனி இங்கே அழிப்பது அவளிடம் போகாது. கடையிலும் மாடியிலும் உள்ளவை போய்விடும், பதினெட்டு வருஷமும் சேர்த்து. அவள் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்தாள்.

பிடரியில் மூச்சுப் பட்டது.

“வேணாம்... அவ பாவம்.”

அவர் குரலேதான். யார் பாவம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. செத்த பிறகும் அவருக்குப் பாவமாகத் தெரிந்தது குழந்தையில்லாத அந்த இன்னொருத்திதான். இவள் அழித்தாள். திரை அணைந்தது. உறுமலும் நின்றது.

கடைக்குத் திரும்பி, பட்டியலிலிருந்து ‘வீடு’ என்ற பெயரை நீக்கினாள். மகளிடம் மட்டும் படங்கள் மிஞ்சியிருந்தன, பாதமில்லாமல் அந்தரத்தில் நிற்கும் குழந்தை உட்பட. அதுவாவது மிஞ்சியதே என்று அழுதாள்.

நாலு மணிக்கு ஒரு வாடிக்கையாளருக்கு ஃப்ரேம் மாட்டிக்கொண்டிருந்தபோது கணினி மணியடித்தது.

‘வீடு’ இணைப்பில் உள்ளது.

ஒரு புதுப் படம் வந்திருந்தது. இன்று பகலில் எடுத்தது. அந்த அறையில், திரைமுன் அவள் குனிந்து நிற்கிறாள். அவளை ஒட்டி அவர் நிற்கிறார். அவர் அவளைப் பார்க்கவில்லை. படம் எடுப்பவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியொரு சிரிப்பை அவள் பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் கண்டதில்லை.