நடுங்காத நாக்கு

கஜீவனின் நாக்கில் வெடிப்பைக் காணவில்லை.

மதுஜா அவனைச் சமையலறை யன்னலுக்கு இன்னும் கிட்டக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தாள். வெளியே லிம்மாட் ஆற்றிலிருந்து எழும்பிய மூடுபனி மூன்றாம் மாடிவரை வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாடன் நகரத்தில் நவம்பர் காலை அப்படித்தான் இருக்கும். ஆனாலும் நாக்குப் பார்க்கிற அளவுக்கு வெளிச்சம் போதும்.

சூரிச்சில் சீன வைத்தியம் படிக்கத் தொடங்கி ஒரு வருடமாகிறது. தேத்தண்ணி குடிக்க முன்னர், பல் தீட்ட முன்னர், பகல் வெளிச்சத்தில் கணவனின் நாக்கைப் படம் எடுப்பது அவளுடைய வீட்டுப்பாடம். அந்தப் படிப்பில் நாக்கு உடம்பின் வரைபடம்: நுனி இதயம், ஓரங்கள் ஈரல், நடு வயிறு, அடி சிறுநீரகம். டாப்லெட்டில் இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. அவன் முகத்தைவிட அவளுக்கு அந்த நாக்கு நல்ல பழக்கம். ஓரங்களில் பல் பதிந்த தடங்கள், அடியில் வெள்ளைப் படலம், நடுவில் ஓடி நுனிக்குக் கிட்ட ஒரு பக்கமாக வளைகிற வெடிப்பு. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அது இருந்ததாம்.

இப்போது ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி வழவழவென்று, வெளிறி, ஈரமாக. பழைய மழைத்தண்ணீர் மணம் ஒன்று மெல்ல வந்தது.

அவள் இருபது நொடி வீடியோ எடுத்தாள். வழமையாக ஐந்தாவது நொடியிலேயே அவன் சிரித்துவிடுவான், "காணுமப்பா, வாய் நோகுது" என்பான். இன்று அப்படியே நின்றான். டாப்லெட்டை மேசையில் வைத்த பிறகும் நாக்கு வெளியிலேயே இருந்தது.

"காணும். உள்ளுக்கு எடுங்கோ."

எடுத்தான்.

"உங்கட நாக்கில இருந்த வெடிப்பு எங்க?"

"எந்த வெடிப்பு?"

விளையாடுகிறான் என்று நினைத்துப் பழைய படங்களைத் திறந்து கொடுத்தாள். அவன் கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவள் போட்டு வைத்த தேத்தண்ணி ஆடை படிந்து ஆறியது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாக ஆற்றங்கரையில் நடக்கப் போனவன் மூன்று மணித்தியாலம் பிந்தித்தான் வந்தான். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தான். "வழுக்கிப் போச்சு" என்று மட்டும் சொன்னான். இரண்டு நாள் நாக்குப் படம் எடுக்கவும் எழும்பாமல் போர்வைக்குள் கிடந்தான். காய்ச்சலாக்கும் என்று அவள் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. சூடே இல்லை.

அந்த வீடியோவை அவள் தன் ஆசிரியை ஃப்ராவ் லியுவுக்கு அனுப்பினாள்.

அடுத்த நாள் பின்னேரம், அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஃப்ராவ் லியு எப்போதும் மெதுவாக, எண்ணி எண்ணி ஜெர்மன் கதைப்பவர். இந்தக் குரல் அவசரப்பட்டது. உயிருள்ள எந்த நாக்கும் நீட்டிப் பிடித்தால் கொஞ்சமாவது நடுங்கும், தசைக்கு அதுதான் இயல்பு, உன் வீடியோவில் இருபது நொடியும் ஓர் அசைவுகூட இல்லை என்றார். பிணவறையில் எடுத்தாயா என்று கேட்டார். கடைசியாக, "அந்த ஆளோடு நீ தனியாகவா இருக்கிறாய்?"

மெஷின் சுற்றி முடிந்து நின்றது. அந்த அமைதியில், மேலே படிக்கட்டில் யாரோ மூச்சுவிடாமல் நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது. எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. படியில் ஈரக் கால்தடம் மட்டும் இருந்தது.

இரவு முழுக்க அவள் கண்மூடவில்லை. பக்கத்தில் அவன் மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது.

விடிந்ததும் அவள் கேட்காமலேயே அவன் யன்னலடிக்கு வந்து நாக்கை நீட்டினான்.

வெடிப்பு இருந்தது. பல் தடங்கள் இருந்தன. அடியில் வெள்ளைப் படலமும் இருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் தன் பிழைதான், வெளிச்சப் பிழை, படிப்புக் களைப்பு.

பிறகு கண்டாள்.

வெடிப்பு மற்றப் பக்கம் வளைந்திருந்தது. கண்ணாடிக்கு முன் நின்று, படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ததுபோல.

"இப்ப சரியோ?" என்று அவன் கேட்டான்.

"ஓம்," என்றாள். "நல்ல வடிவாயிருக்கு. நான் கடையில பாண் வாங்கிக்கொண்டு வாறன்."

"வாங்கிக்கொண்டு வாரும்."

ஜாக்கெட்டை மாட்டினாள். சப்பாத்தைப் போட்டாள். போனைக் காணவில்லை. கைப்பையில் இல்லை. கட்டிலில் இல்லை. யன்னலடியில் அவனையும் காணவில்லை. போன் வேண்டாம், போ. கதவுப் பிடியில் கை வைத்தாள்.

குளியலறையில் அவளுடைய போன் அடித்தது.

இரண்டு தரம். நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"மதுஜா?" ஃப்ராவ் லியுவின் குரல், ஸ்பீக்கரில். "மதுஜா, நீ பத்திரமாக இருக்கிறாயா?"

குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடைவெளியால் பார்த்தாள்.

கழுவுதொட்டி விளிம்பில் போன் கிடந்தது. குழாயில் சாய்த்து வைத்த டாப்லெட்டில் ஒரேயொரு படம். படிப்புத் தொடங்கிய கிழமை பழகுவதற்காக அவள் எடுத்த படம். அவளுடைய நாக்கு, நுனியில் சிவப்புப் புள்ளிகளோடு.

கண்ணாடிக்கு முன்னால் அவன் நின்றான். நாக்கை முழுவதும் வெளியே நீட்டியிருந்தான். வெடிப்பு மூடிக்கொண்டு வந்தது. நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. இன்னொன்று. இன்னொன்று.

"ஓம், ஃப்ராவ் லியு, நான் மதுஜாதான்," என்று அவன் தொண்டைக்குள்ளிருந்து ஒரு குரல் ஜெர்மனில் சொன்னது. அவளுடைய குரல். அவளுடைய பாடன் உச்சரிப்பு, அவளுடைய கூச்சச் சிரிப்பு. வீடியோவில் இருப்பது மெழுகுப் பொம்மை, பகிடிக்கு எடுத்தேன், மன்னியுங்கள் என்றது. கணவர் சுகமாக இருக்கிறார் என்றது.

வாசலில் மதுஜா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்குள் அவன் கண்கள் மட்டும் திரும்பி அவளைப் பார்த்தன.

நாக்கு நீண்டபடியே இருந்தது. பேச்சு முடியும்வரை அது ஒருமுறைகூட அசையவில்லை.