கேரின் மாற்றாத ஒன்று

நாற்காலியில் உட்காருவதற்கு முன் கேரின் ஜன்னலோரம் போய்த் தெருவைப் பார்த்தாள். டுலூத் நகரத்துப் பனியில் ஒரு தபால் வண்டி மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் கையுறையைக் கழற்றி, துப்பறிவாளர் ஆர்டிஸின் மேஜைமேல் நாலு புகைப்படங்களை வைத்தாள்.

“திங்கட்கிழமை தவறாம ஒண்ணு வருது, என் வக்கீலோட ஈமெயிலுக்கு. ஒரு எழுத்துகூட கிடையாது, வெறும் படம்.”

ரொட்டிக்கடை, மருந்துக்கடை, நீச்சல்குளம். மூன்றும் அவள் தன் மகள் டில்லியோடு போன இடங்கள். நான்காவது, தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு.

“இது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. அதுதான் ரொம்ப பயமா இருக்கு.”

“யார் மேல சந்தேகம்?” என்றார் ஆர்டிஸ். அறுபதைத் தாண்டியவர், எதற்கும் குரலை உயர்த்தாதவர்.

“ராஜர். என் முன்னாள் புருஷன். நீ திரும்பி வரலைன்னா டில்லியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு சொன்னவன். எங்க பக்கத்துலயே வரக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கு. இல்லினாய்ல இருக்கற ராக்ஃபோர்டுலேர்ந்து ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்தோம். பேரு, போனு, பேங்க், காரு, தலைமுடி கலர்கூட மாத்தியாச்சு. போலீஸ்ல கேட்டா, கட்டடத்தைப் படம் எடுக்கறது குத்தமில்லைங்கறாங்க.”

ஆர்டிஸின் கூட்டாளி வெண்டல் முன்னால் சாய்ந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு இன்னும் பொறுமை வந்திருக்கவில்லை. “பக்கத்து வீட்ல யாரு?”

“ஆர்வில்னு ஒருத்தர். கேக்காமலே என் வாசல்ல பனியைத் தள்ளி விடுவார். கழுத்துல எப்பவும் கேமரா. பறவைகளைப் படம் எடுப்பாராம்.”

“அவன்தான்! பிப்ரவரி மாசம் இங்க ஏது பறவை?”

“ஆந்தை” என்றார் ஆர்டிஸ். “ஊர்ல பாதிப் பேரு உனக்குக் குற்றவாளிதான், வெண்டல். கேரின், நீங்க தினமும் எங்கெல்லாம் போவீங்க?”

“ஸ்கூல். அப்புறம் லைப்ரரி.”

“அது ரெண்டும் படத்துல இல்லையே. பின்னாலயே வர்றவன் ஸ்கூலை விட்டுடுவானா? இந்த மூணு இடத்துலயும் கார்டு தேய்ச்சிருப்பீங்க. அதுதான் வித்தியாசம்.”

“கிடங்குல நான் எதுவுமே வாங்கலையே!”

“துணி எங்க துவைக்கறீங்க?”

“தெருமுனை லாண்டிரில. மெஷின்ல கார்டு தேய்ச்சு...” ஆர்டிஸின் விரல் நான்காவது படத்தில், கிடங்குச் சுவரின் ஓரத்தில் இருந்தது. அங்கே வெளிறிப்போன சாயத்தில் ஒரு துவைக்கும் இயந்திரம் வரைந்திருந்தது.

“மெஷின்காரங்களோட கிடங்கு. பேங்க் ஸ்டேட்மென்ட்ல லாண்டிரி பேர் வராது, இவங்க பேரும் ஊரும்தான் வரும். உங்களைக் கண்ணால பார்த்தவன் லாண்டிரியைத்தான் படம் எடுத்திருப்பான். இவன் உங்களைப் பார்க்கவே இல்ல. உங்க ஸ்டேட்மென்ட்டைப் படிக்கறான். அதை எங்க இறக்கி வைக்கறீங்க?”

கேரின் பையிலிருந்து போனை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, பக்கத்தில் காபியை வைத்துக்கொண்டு, வங்கி விவரங்களைப் போனில் இருந்த பட்ஜெட் செயலிக்குள் இறக்கி, ஒவ்வொரு டாலரையும் அதனதன் தலைப்பில் சேர்ப்பாள். வாரத்தில் அவளுக்கு நிம்மதியான நேரம் அது ஒன்றுதான்.

“பட்ஜெட் செயலில. ஞாயித்துக்கிழமை.”

“படம் திங்கட்கிழமை வருது. அந்த பட்ஜெட் எப்ப ஆரம்பிச்சது?”

“கல்யாணமான புதுசுல, ரெண்டு பேருமா. எட்டு வருஷக் கணக்கும் தலைப்பும் அதுல இருக்கு. மறுபடி முதல்லேர்ந்து போட எனக்கு மனசு வரல.”

சொல்லிக்கொண்டே போனைத் திறந்தாள். அவள் ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், ‘உறுப்பினர்கள்: இருவர்’ என்றிருந்தது. அவளுடைய புதுப் பேருக்குக் கீழே ராஜரின் பேர். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவன் அவளுடைய சமையல்கட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. அழிக்கப்போன கையை ஆர்டிஸ் பிடித்துக்கொண்டார்.

“இருங்க. நீங்களே டைப் பண்ணி எதையாச்சும் சேர்த்தீங்களா?”

“காலைல. பியானோ டீச்சருக்கு செக் கொடுத்தேன். மிசஸ் லுண்ட், டில்லி, வியாழக்கிழமை வகுப்பு... தெருப் பேரோட.” கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னிக்குத்தான் வியாழன். ஸ்கூல்லேர்ந்து அவங்களே கூட்டிட்டுப் போயிருப்பாங்க.”

ஆர்டிஸ் போலீசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே வெண்டல் மாடிப்படி இறங்கிவிட்டிருந்தார். மிசஸ் லுண்டின் வீடு பக்கத்துத் தெருதான். கடைசியில் வெண்டலின் குரல் போனில் வந்தது.

“வாசலுக்கு எதிர்ல ஒரு சாம்பல் கலர் கார், இல்லினாய் நம்பர். உள்ள ஒருத்தன் உக்காந்து போனையே பார்த்துக்கிட்டிருக்கான். நான் பின்கதவுல இருக்கேன். குழந்தை பத்திரமா உள்ள இருக்கு. டீச்சர் சந்து வழியா கூட்டி வந்தாங்களாம், அவன் கண்ணுல படல. போலீஸ் இன்னும் வரலையே, ஆர்டிஸ்!”

“போனையேவா பார்க்கறான்? நல்லதாப் போச்சு” என்றார் ஆர்டிஸ். “கேரின், நான் சொல்றதைச் செயலில எழுதுங்க. இன்னிக்கு பியானோ இல்ல. ஸ்கேட்டிங் டிக்கெட் ரெண்டு, டில்லியும் நானும்.”

ஸ்கேட்டிங் அரங்கம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கேயே காத்திருக்கும்படி மேஜைத் தொலைபேசியில் போலீசுக்குச் சொன்னார் ஆர்டிஸ். கேரின் எழுதினாள், எழுத்துப் பிழை விட்டு, அழித்து மறுபடி எழுதினாள். செயலி வழக்கம்போல் தலைப்பைக் கேட்டது. அவளும் வழக்கம்போல் தலைநிமிர்ந்தாள். “எந்தத் தலைப்புல போடறது?”

“எதுலயாச்சும் போடுங்கம்மா!” முதல்முறையாக ஆர்டிஸின் குரல் உயர்ந்தது.

‘பொழுதுபோக்கு’ என்று போட்டுச் சேமித்தாள். வெண்டலின் போன் வழியாக பியானோ கேட்டது. டில்லி எப்போதும் தடுமாறுகிற இடத்தில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“காரைக் கிளப்பிட்டான்” என்றார் வெண்டல்.

அரங்கத்து வாசலிலேயே அவனைப் பிடித்துவிட்டதாக ஆர்டிஸுக்குப் போலீஸ் சொன்னபோது, கேரின் மிசஸ் லுண்டின் படியில் மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வருஷத்தையும் அழித்துவிடப் போனைத் திறந்தாள். டில்லி எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, ஸ்கேட்டிங் டிக்கெட்னு போட்டிருக்கே! எப்பப் போறோம்?”

“நாளைக்கு” என்றாள் கேரின். அழிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் அரங்கத்து வாசலில் வெகுநேரம் தெருவைப் பார்த்தபடி நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள். டிக்கெட்டுக்குக் கார்டு தேய்க்கவில்லை, ரொக்கமாகக் கொடுத்தாள்.