கழற்றி வைத்தவை

தழும்பைக் காணவில்லை.

மரியகொறற்றி வெதுவெதுப்பான நல்லெண்ணெயை மறுபடியும் உள்ளங்கையில் ஊற்றிக் கணவனின் இடது காலை முழங்காலுக்குக் கீழிருந்து குதிகால் வரை மெதுவாக நீவினாள். அந்த இடம் எங்கே இருக்கும் என்று விரல்களுக்குத் தெரியும். வன்னியில் போரின்போது செல் துண்டு கிழித்த இடம் அது. தோல் ஒருபக்கமாக இழுபட்டு, நடுவில் குழிந்து, ஓரத்தில் கயிறு போலத் தடித்திருக்கும். அகதி வழக்கின்போது ஒரு வைத்தியர் அதை அளந்து எழுதிக் கொடுத்திருந்தார். "எனக்கு விசா தந்தது பிரான்ஸ் இல்லை, இந்தக் கால்தான்" என்று கொண்டாட்டங்களில் ஸ்ரீபன் காற்சட்டையை உயர்த்திக் காட்டுவான். இப்போது அவள் கை எந்தத் தடையுமின்றி வழுக்கிக்கொண்டு குதிகாலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"என்னப்பா, கை நிண்டிட்டுது?"

"இல்லை... உங்கட தழும்பு..."

"மாவு கட்டிக் கிடந்த கால்தானே, வெளுத்திருக்கும்." அவன் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இஞ்சாரும், புது ஹாண்டில் நாளைக்கு உம்மட கடைக்கு வருமாம். மறக்காமல் எடுத்துக் கொண்டுபோய்ப் பூட்டும்."

இரும்புப் பாலத்தின் மேல் மெற்றோ போயிற்று. யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. கீழே கடையில் றோல்ஸ் பொரிக்கும் எண்ணெய் மணம் சுவர் வழியாக ஏறி, அவள் கையிலிருந்த எண்ணெயின் மணத்தோடு கலந்தது. வெளுத்துத்தான் இருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். குளிர்காலத்தில் எல்லாமே வெளுத்துவிடுகிறது.

ஒக்ரோபர் கடைசியில், காட்டுப் பாதைகளை மூடுவதற்கு முதல் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் அவன் அன்றைக்குப் புறப்பட்டான். சேற்றிலும் கல்லிலும் ஓடுவதற்கென்றே செய்த, உயரமான, மெலிந்த மோட்டார் சைக்கிள். அது வீட்டுக்கு வந்த நாள் முதல் அவளுக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் அவனைக் கொண்டு போய்விடும். "அந்தச் சனியனோடயே போய் இரும்" என்று அன்று காலை வாசலில் நின்று சொன்னவளும் அவள்தான். பின்னேரம் தொலைபேசி வந்தது. கால், தோள், கை, விலா. ஒரு கண் திறக்கவேயில்லை.

இன்னொருத்தி என்றால் வெள்ளியில் ஒரு கால் செய்வித்து அந்தோனியாரின் பாதத்தில் வைத்திருப்பாள். கால் நோவுக்குக் கால், கண் நோவுக்குக் கண் என்று மன்னாரில் அவள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நேர்ந்தார்கள். லா சப்பலில் நகைக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் இங்கேயும் செய்து தருவார். கொறற்றிக்கு அது போதாது என்று பட்டது. அவள் சொன்ன சொல்லுக்கு வெள்ளி ஈடாகாது. தனக்கு ஆக வெறுப்பான ஒன்றைத் தன் கையால் தொட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கோயிலில் முழந்தாளிட்டு, உதடு அசையாமல் சொன்னாள்: அந்த மோட்டார் சைக்கிளை நானே என் கையால் சரியாக்குகிறேன். அதில் ஒவ்வொன்றாகச் சரிவரச் சரிவர, இவரிலும் அந்தந்த இடத்தைச் சரியாக்கித் தாரும்.

இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. நேர்த்தியை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்று ஒரு பயம்.

கட்டடத்துக்குக் கீழே இரண்டு தளம் இறங்கினால் வாகனத் தரிப்பிடம். அதன் மூலையில், இரும்புக் கதவு போட்ட ஒடுங்கிய அறைக்குள், பழைய படுக்கை விரிப்பால் மூடி, தாங்கியில் ஏற்றி வைத்த மோட்டார் சைக்கிள். பெற்றோலை வடித்தாயிற்று, பற்றரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டாயிற்று. குளிர்காலம் முழுக்க அது அப்படியே நிற்கும். விளக்கின் பொத்தானை அமத்தினால் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணையும். அணைந்ததும் ஈரச் சீமெந்தின் மணமும் எங்கேயோ குழாயில் தண்ணீர் ஓடும் சத்தமும் கிட்ட வந்துவிடும். முதல் வாரங்களில் அவள் அங்கே நின்று அழுதாள். பிறகு காணொளிகளைப் பார்த்தும், படுக்கையில் கிடந்தபடி ஸ்ரீபன் சொல்வதைக் கேட்டும் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றப் பழகினாள்.

பழகுவது அவளுக்குக் கடினமாக இருக்கவில்லை. கைத்தொலைபேசி திருத்தும் கடையில் அவளுக்கு வேலை. அங்கே திருத்துவது என்றால் மாற்றுவது. உடைந்த கண்ணாடியை ஒருவரும் ஒட்டுவதில்லை, பழுதான சாமானைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவார்கள். முன்சில்லைத் தாங்கும் இரண்டு குழாய்களில் இடதுபக்கத்தது வளைந்திருந்தது. சென் தெனியில் ஒரு பட்டறையில் நிமிர்த்தித் தருவார்கள் என்றாள் ஒருத்தி. கொறற்றி அதைக் காதில் போடவேயில்லை. புதியதை வாங்கிப் பூட்டினாள். வளைந்ததைத் துடைத்து, மூலையிலிருந்த மரப்பெட்டிக்குள் போட்டாள்.

அந்தக் கிழமையே அவன் எழுந்து நின்றான். காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் கினே வியந்துபோய், தன் தொழிலில் இப்படி ஒரு காலைக் கண்டதில்லை என்றாள். அன்று இரவு கொறற்றி சந்தோஷத்தில் சோறுகூடச் சாப்பிடவில்லை.

ஹாண்டிலைப் பூட்டியபோது தோள் சரிவந்தது. கைப்பிடிகளையும் பிறேக் பிடியையும் மாற்றியபோது, மடங்காமல் கிடந்த விரல்கள் மடங்கின. வளைந்த கம்பிகளோடு சில்லையே மாற்றினாள், விலா நோவு நின்றது. சாமான்களைத் தெரிவதெல்லாம் ஸ்ரீபன்தான். பழையதைப் போலவே வாங்கினால் போதாதென்று, படுத்திருந்தபடி விரலால் தள்ளித் தள்ளி, அகலமான ஹாண்டில், இறுக்கமான சுருள், வெள்ளைவெளேரென்று எரியும் லைற் என்று பார்த்துப் பார்த்து வரவழைத்தான்.

"அக்கா, இன்னொரு பெட்டி வந்திருக்கு" என்பான் கடையில் அவளோடு வேலை செய்யும் கீர்த்தனன். "அத்தானைத் திருத்திறியளோ, மோட்டச்சைக்கிளைத் திருத்திறியளோ? ஆளுக்கும் ஒரு ஆறு மாச கறன்ரி எழுதிக் குடுங்கோவன்."

"போடா. உன்ர வாய்க்குத்தான் ஒரு பூட்டு வாங்கோணும்."

அப்போது அவளால் சிரிக்க முடிந்தது.

தை மாதத்தில் ஸ்ரீபனின் சட்டைகள் ஒன்றும் பொருந்தவில்லை. படுத்துக் கிடந்தவன் மெலிந்திருக்க வேண்டும். இவனுக்கோ தோள் அகன்று, மேல் பொத்தான் பூட்ட மறுத்தது. அவன் கையைப் பிடித்தபோது உள்ளங்கை ஒரே சீராக, ரேகைகள் ஆழமில்லாமல், புதுச் சவர்க்காரம் போல இருந்தது. மோட்டார் சைக்கிளின் விளக்கை மாற்றிய அடுத்த நாள் அவன் கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். பார்வை முழுதாக வந்திருந்தது. காலை வெயில் நேராக முகத்தில் விழும்போதும் அவன் கண்ணைச் சுருக்கவில்லை. இரவில் அவள் கண்விழித்தால் அவன் மல்லாந்து, திறந்த கண்ணோடு, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நித்திரை வரேல்லையோ?"

"வேண்டாம் போலக் கிடக்கு."

அவள் அவன் நெஞ்சில் காதை வைத்தாள். அங்கே பழைய சத்தம் இருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் கேட்டு உறங்கிய சத்தம். இடையில் ஒரு துடிப்பைத் தவறவிட்டு, பிறகு அவசரமாக ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். அதைப் பிடித்துக்கொண்டுதான் உறங்கினாள். அவன்தான். அவனேதான். நோயில் கிடந்து எழும்பியவன் கொஞ்சம் மாறித்தான் இருப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை முடியும் நேரம், கடைக்கு வந்த அம்மா ஒருவர் திருத்திய தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, கண்ணாடி புதுசு, பற்றரி புதுசு, பின்மூடியும் புதுசு. இது என்ர போன்தானோ?"

"உங்கடதுதானம்மா" என்றான் கீர்த்தனன். "உள்ளுக்க இருக்கிற மெயின் போட் மாத்தேல்லையெல்லோ. அதை மாத்தினால்தான் வேற போன்."

கொறற்றியின் கையிலிருந்த திருப்புளி மேசையில் விழுந்தது.

மோட்டார் சைக்கிளில் இயந்திரம் மட்டும்தான் மிச்சம். போன கிழமை ஸ்ரீபன் சொல்லியிருந்தான்: "வசந்தம் வர முதல் சிலிண்டரையும் மாத்துவம். பழசு சத்தம் போடுது." அந்தப் பெட்டி இன்று காலை வந்தது. எங்கே அது?

"நீங்கள் மத்தியானம் சாப்பிடப் போன நேரம் அத்தான் வந்து எடுத்துக்கொண்டு போட்டாரே" என்றான் கீர்த்தனன். "நல்லா நடக்கிறார். கையைத் தந்தார், அப்பா, ஐஸ்."

ஆறு மணிக்கே வெளியே இருட்டிவிட்டிருந்தது. சேலைக் கடைகளின் வெளிச்சத்தையும், சாப்பாட்டுக் கடைகளிலிருந்து வந்த கொத்துறொட்டி தட்டும் சத்தத்தையும், விசிறிக்கொண்டு போன ஈரக் காற்றையும் தாண்டி அவள் நடந்தாள், பிறகு ஓடினாள். என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. பழையதையெல்லாம் திரும்பப் பூட்ட வேண்டும். வளைந்த குழாயை, கோணல் ஹாண்டிலை, உடைந்த விளக்கை. அவன் நொண்டட்டும். ஒரு கண் போகட்டும். அவன் அவனாக இருந்தால் காணும்.

வீட்டில் படுக்கை வெறுமையாக இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கமும் இல்லை.

அவள் கீழே இறங்கினாள்.

பொத்தானை அமத்தினாள். வெளிச்சம் நடுங்கி எரிந்தது. இரும்புக் கதவு சற்றே திறந்திருந்தது. உள்ளே விரிப்பு மூடிய மோட்டார் சைக்கிள், அதன் பின்னால் இருட்டு, கிறீஸ் மணம். வேறு ஒருவரும் இல்லை. அப்படித்தான் தெரிந்தது.

மரப்பெட்டியை இழுத்தாள். கைவிரல்கள் விறைத்திருந்தன. வளைந்த குழாயைப் பிடித்துத் தூக்கினாள்.

சூடு.

காய்ச்சல்காரனின் கால் போன்ற சூடு. விரல்கள் தாமாகவே குழாயில் கீழிறங்கிப் போய் ஓரிடத்தில் நின்றன. இழுபட்டு, நடுவில் குழிந்து, ஓரத்தில் கயிறு போலத் தடித்த இடம்.

அதை மடியில் கிடத்தினாள். ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோல. "இஞ்சையப்பா" என்றாள், "பொறுங்கோ, நான் வந்திட்டன், பொறுங்கோ." விரிப்பின் ஓரத்தை விலக்கி, திருகுசாவியை எடுத்து, புதிய குழாயின் திருகாணியில் வைத்து, பலம் கொண்டமட்டும் திருப்பினாள்.

அசையவில்லை.

மறுபடி.

விளக்கு அணைந்தது.

குழாயில் தண்ணீர் ஓடியது. பிறகு நின்றது. இருட்டில், கையெட்டும் தூரத்தில், துணி உரசும் சத்தம்.

"அது வராது" என்றான் ஸ்ரீபன். "நான் இறுக்கிப்போட்டன்."

சுவரைத் தடவிப் பொத்தானை அடித்தாள். அவன் மோட்டார் சைக்கிளுக்கு மறுபக்கம் நின்றுகொண்டிருந்தான். அகன்ற தோள். சுருங்காத கண். விரிப்பை ஒரு கையால் உருவி எடுத்தான். இயந்திரத்தின் நடுவில் புதிய சிலிண்டர் பளபளத்தது. பற்றரி திரும்பப் பூட்டியிருந்தது; தரையில் வெறும் பெட்டியும் வெறும் பெற்றோல் கானும்.

"நான் செய்யேல்லை" என்றாள். "என்ர கையால செய்யிறனெண்டுதான் நேர்ந்தனான். நான் அதை மாத்தேல்லை. அது பலிக்காது."

அவள் ஒருவருக்கும் சொல்லாத நேர்த்தி. அவன் ஆச்சரியப்படவில்லை. இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினான்.

"இந்தக் கையும் நீர் போட்டதுதானே, கொறற்றி."

மரப்பெட்டியின் அடியில், அவனுடைய பழைய சட்டைக்குள், ஏதோ அசைந்தது.

அவள் முழந்தாளிட்டாள். சட்டையை விலக்கினாள். கறுத்து, எண்ணெய் வடிந்து, கழற்றிய சிலிண்டர். கையில் எடுத்தாள். துடித்தது. துடித்தது. ஒன்றைத் தவறவிட்டது. பிறகு அவசரமாக ஓடி வந்து சேர்ந்துகொண்டது.

"பழைய இரும்புக்காரன் நாளைக்குக் காலமை வருவான்" என்றான் அவன், மிகவும் கனிவாக. "எல்லாத்தையும் குடுத்திடுவம். வீட்டுக்குள்ள குப்பை ஏன்?"

அவன் மோட்டார் சைக்கிளின் பொத்தானை அழுத்தினான். இயந்திரம் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. மென்மையாக, சீராக, எதையும் தவறவிடாமல் ஓடியது. கூரை விளக்கு அணைந்தது. முன்விளக்கின் வெள்ளை அவள்மேல் விழுந்தது.

அவள் பழைய சிலிண்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குளிருக்குள் அவளுடைய மூச்சு புகைந்தது. கையிலிருந்த உலோகத்திலிருந்தும் நூலாய் ஆவி எழுந்தது. எழுந்து, மெலிந்தது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் தூரம் கூடியது. அவள் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றினாள். வாயை வைத்து ஊதினாள். கைகளால் தேய்த்தாள். தேய்த்தாள்.

ஸ்ரீபன் குனிந்து, அவள் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தான்.

"குளிருதோ?" என்று கேட்டான்.

அவன் வாயிலிருந்து ஆவி வரவில்லை.