வடக்குப் பக்கத்து ஆறு பலகைகள்

பலகையின் முகம் உளுத்துப் பஞ்சாகியிருந்தது. அதில் வியப்பு ஒன்றுமில்லை. நாற்பது வருஷ மழையைக் குடித்த மரம் பின்னே எப்படி இருக்கும்? ஆனால் தச்சர் அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தபோது, முதுகு பளபளத்தது. பல தலைமுறைக் கைகள் பிடித்துப் பிடித்து மெருகேறிய மாடிப்படிக் கைப்பிடி போல, ஒரு சிலாம்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. கட்டைவிரலால் தடவினார். வழுக்கியது. அவரே உட்கார்ந்து இழைத்தால்கூட இந்த வழவழப்பு வராது.

"என்ன மாமா, பலகையைக் கொஞ்சிட்டு இருக்கீங்க?"

சாரத்தின் மறுமுனையிலிருந்து, அவர் மனைவியின் தம்பி, மச்சான் கேட்டான். எட்டு மாதத்தில் அவன் அவரிடம் வேலையைத் தவிர வேறு பேசிய முதல் வாக்கியம் அது. அதிலும் அன்பு இல்லை, குத்தல்தான் இருந்தது.

"உன் வேலையைப் பாரு" என்றார் தச்சர்.

இருவருக்கும் எட்டு மாதமாகவே எலியும் பூனையும்தான். ஒரு வீட்டுக் கதவுகளை அவருக்குத் தெரியாமல் மச்சான் தனியாக எடுத்துச் செய்தான். ஈர மரத்தில் அடித்த கதவுகள் ஒரே மழையில் ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் நின்றன. வந்து திட்டியவர்கள் திட்டியது தச்சரை. அவர் மச்சானை அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகள் முன்னாலேயே கன்னத்தில் அறைந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மனைவி தம்பி பக்கம் பாதி, கணவன் பக்கம் பாதி என்று பிளந்துபோய், போன வாரம்தான் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "சேர்ந்து ஒரு வேலையாவது முடிச்சுட்டு வாங்க. இல்லன்னா ரெண்டு பேரும் எனக்கு வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அப்படி வந்து மாட்டிய வேலை இது. பழைய ஓட்டு வீடு. கூரை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்தில், ஓட்டைத் தாங்கும் கைமரங்களின் முனைகளை மறைத்து ஒரு வரிசைப் பலகை, அதற்கு அடியில் படுக்கவைத்து இன்னொரு வரிசை. இரண்டும் சேர்ந்து வீட்டை நாலு பக்கமும் சுற்றி வரும் ஒரு நீளப் பெட்டி மாதிரி. உள்ளே ஒன்றரைச் சாண் அகலம் இருக்கும். வடக்குப் பக்கத்து முகப்புப் பலகைகள் ஆறு மட்டும் உளுத்துவிட்டன. அவற்றை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற டீச்சர். தனி ஆள். காலையில் வந்து இறங்கியவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை. குடையைப் பிரம்பு போலப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று, "பழசைப் பிடுங்க வேண்டாம். புதுசை அது மேலயே வச்சு அடிங்க. நாலு மணிக்குள்ள இறங்கிடணும்" என்றாள்.

"உளுத்த மரத்துல ஆணி நிக்காது டீச்சர்."

"நான் கேட்டது ஆணி நிக்குமான்னு இல்ல."

அவள் டவுனில் இருந்த மருந்துக் கடைக்குப் புறப்பட்டுத் தெருமுனை திரும்பும்வரை தச்சர் பொறுத்திருந்தார். பிறகு ஆணி பிடுங்கியை எடுத்தார். தொழிலில் அவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், 'ரசமட்டம்' என்று பட்டப்பெயர். நூல் அளவு கோணலைக்கூடப் பொறுக்கமாட்டார். உளுத்த மரத்தின்மேல் நல்ல மரத்தை வைத்து அடிப்பதும், புண்ணைக் கழுவாமல் பவுடர் போடுவதும் அவருக்கு ஒன்று.

மதியம் இரண்டு மணிக்குள் ஆறு பலகைகளும் தரையில் கிடந்தன. ஆறின் முதுகும் பளபளத்தது.

அவர் பெட்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். இந்த வயசு வீட்டின் இறவாரத்துக்குள் என்னென்ன இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஒட்டடை, குருவிக்கூடு, எலிப்புழுக்கை, செத்த பல்லி, ஒரு கூடை தூசி. இங்கே ஒன்றுமில்லை. பெருக்கித் துடைத்துவிட்டாற்போல இருந்தது. கைமரங்களின் முனைகள் ஒவ்வொன்றிலும் அரைவட்டமாக ஒரு பள்ளம். வாள் பட்ட தடம் இல்லை, உளி பட்ட தடம் இல்லை. கிணற்றுக் கல்லைக் கயிறு அறுப்பதுபோல, ஏதோ ஒன்று ஓயாமல் உரசி உரசித் தேய்த்த பள்ளம். ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில், வரிசையாக மூலை வரைக்கும் போய் இருட்டில் மறைந்தது. உள்ளேயிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. வெகுநேரம் திறக்காத வாயின் நாற்றம்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

வீட்டின் தெற்குப் பக்கம். தானிய மூட்டையைக் குழாய்க்குள் இழுத்துப் போவதுபோல ஒரு உராய்வு. அவசரம் இல்லாமல் மேற்கே திரும்பி, மேற்குப் பக்கம் முழுதும் நகர்ந்து, வடமேற்கு மூலைக்கு வந்து நின்றது. பலகை பிடுங்கிய இடம் தொடங்குகிற மூலை அது. அங்கே கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு வந்த வழியே திரும்பிப் போயிற்று. மேற்கு, தெற்கு, கிழக்கு. இந்தப் பக்கம் வடகிழக்கு மூலையில் வந்து நின்றது.

மச்சான் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"எலியா மாமா?"

"எலிதான்."

"இந்த எலிக்குப் பொண்ணு பார்த்துக் கல்யாணமே பண்ணி வைக்கலாம் போலிருக்கே."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அந்தச் சத்தம் மறுபடி புறப்பட்டது. இந்த முறை கொஞ்சம் வேகமாக.

கேட் சத்தம் கேட்டது. டீச்சர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள். வடக்குப் பக்கம் நெடுகத் திறந்து கிடந்தது. கையிலிருந்த மருந்துப் பை நழுவி, ஒரு பாட்டில் உடைந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எத்தனை பிடுங்கினே?"

காலையில் இருந்த 'நீங்க' போய்விட்டிருந்தது.

"ஆறும். நான் சொன்னேனே டீச்சர், உளுத்த..."

"மூடு."

"என்ன இருக்கு உள்ள?"

"என்னன்னு தெரிஞ்சா பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேனா?" அவள் குரல் நடுங்கவில்லை. வகுப்பில் மக்குப் பையனுக்குச் சொல்வதுபோல எரிச்சலாகச் சொன்னாள். "எங்க அப்பா காலத்துலேர்ந்து சுத்திட்டு இருக்கு. சுத்திட்டே இருக்கிற வரைக்கும் கீழே இறங்காது. அதுக்கு வழி விட்டுத்தான் அவர் இந்தப் பெட்டியை அடிச்சார். நீ வழியை வெட்டி வச்சிருக்கே."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா நீ ஏறியிருப்பியா?"

மேற்கே மேகம் திரண்டு, மூன்று மணி வெயில் அணைத்துவிட்ட அடுப்பு மாதிரி மங்கிக்கொண்டிருந்தது. இறங்கி வேனில் ஏறிப் போய்விடலாம் என்று தச்சருக்கு ஒரு நொடி தோன்றியது. ஆனால் அந்த உராய்வு இப்போது மூன்று பக்கமும் ஒரே மூச்சில் ஓடியது. மூலைக்கு வந்து முட்டியது. திரும்பி ஓடி, அடுத்த மூலையில் முட்டியது. முட்டும்போதெல்லாம் ஓடுகள் கலகலத்தன.

"நீ கிழக்குலேர்ந்து வாடா. நான் மேற்குலேர்ந்து வரேன். நடுவுல சேர்ந்துக்கலாம்."

"நான் இறங்கறேன் மாமா. நீங்களே அடிச்சுக்கோங்க."

"ஒத்தை ஆளா ஆறையும் மழைக்குள்ள அடிச்சு முடிக்க முடியுமாடா?"

"ரசமட்டத்துக்கு முடியாதது உண்டா?" மச்சான் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். "டீச்சர் பேச்சைக் கேட்டு மேலயே அடிச்சிருந்தா இந்நேரம் வீட்டுல இருந்திருப்போம். உங்க வீம்புக்கு நான் ஏன் சாகணும்?"

"போ. போய் உன் அக்கா முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கோ."

மச்சான் அவரை முறைத்துப் பார்த்தான். பிறகு காலை எடுத்து மறுபடி சாரத்தில் வைத்தான். கிழக்கு முனைக்கு நடந்தான். பின்னால், எத்தனையோ நாள், தச்சருக்கு அந்தக் காலடிகள்தான் தூக்கத்தைக் கெடுத்தன. விட்டிருந்தால் அவன் இறங்கியிருப்பான்.

அடித்தார்கள். முதல் பலகை. இரண்டாவது. பிசிறு பார்க்கவில்லை, மட்டம் பார்க்கவில்லை. கிழக்கே இரண்டு ஏறின. மேற்கே மூன்று. மழை தொடங்கியது. நடுவில் ஒரே ஒரு பலகையின் இடம் மட்டும் மிச்சம். ஏழடிக் கறுப்பு.

இப்போது அதற்கு இந்தப் பக்கம் வர வழி கிடைத்துவிட்டது.

கிழக்கு மூலையைத் தாண்டி அது வந்தது. புதுப் பலகைகளின் பின்னால் வந்தது. அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாக அதிர்வதைத் தச்சர் கண்ணால் பார்த்தார். மச்சான் நின்ற இடத்துக்கு நேராக வந்ததும் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

"தூக்குடா."

இருவரும் ஆறாவது பலகையைத் தூக்கினார்கள். தச்சர் தன் முனையைத் தோளால் அழுத்திக்கொண்டு வாயிலிருந்து ஆணியை எடுத்தார். மச்சானின் முனை மார்பளவில் நின்றது. அவன் முகம் அந்த இடைவெளிக்கு நேராக இருந்தது.

"மாமா." மெதுவாகச் சொன்னான். "உள்ள..."

"பார்க்காதே. அடி."

"மாமா, இது..."

"அடிடா!"

பலகை ஒரு கணம் கனத்தது. அந்தப் பக்கம் யாரோ தொங்கியதுபோல. உடனே லேசாகிவிட்டது. தச்சர் தலையைத் தூக்கவில்லை. தூக்கப் பயம். தன் ஆணியை மட்டும் பார்த்து அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு அடி தவறி விரலில் விழுந்தது. வலிக்கவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்தும் சுத்தியல் சத்தம் வந்தது. டக். ஒரு ஆணி. டக். இன்னொன்று. டக்.

ஆணிக்கு ஒரே அடி.

எந்தத் தச்சனும் நாலங்குல ஆணியை ஒரே அடியில் இறக்கமாட்டான்.

அவர் திரும்பியபோது சாரத்தில் யாருமில்லை. மச்சான் கீழே முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். ஏணி அவர் பக்கம் இருந்தது. அவரைத் தாண்டித்தான் அவன் இறங்கியிருக்க முடியும். மழை அவன்மேல் பெய்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணைக்கூட இமைக்கவில்லை. சுத்தியலை ஒரு பூவைப் பிடிப்பதுபோல இரண்டு விரலில் பிடித்திருந்தான். பிறகு திரும்பி, கேட்டைத் திறந்து, தெருவில் நின்ற வேனில் ஏறி உட்கார்ந்தான்.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே வாசற்படியில் நின்றிருந்தாள். நெடுநாள் பாரம் இறக்கிய கூலிக்காரியைப் போல நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"இறங்கிடுச்சு" என்றாள். "இனி என் வீட்டுல இல்ல."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று தாழ்ப்பாள்கள்.

"மாமா."

பலகைக்குப் பின்னாலிருந்து. அவர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

"மாமா, ஆணியைப் பிடுங்குங்க மாமா."

மச்சானின் குரல். சின்ன வயதில் கல்யாண வீட்டில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவனின் குரல். தச்சர் ஆணி பிடுங்கியைப் பலகைக்கடியில் செருகி நெம்பினார். ஒரே அடியில் இறங்கிய அந்த ஆணிகள் கல்லில் வார்த்த ஈயம்போல அசையவில்லை. பலகையையே பிளந்தார். சிலாம்புகள் உள்ளங்கையில் ஏறின. பிளந்த இடத்தில் கையை விட்டார். வெதுவெதுப்பான, ஈரமான ஒன்றரைச் சாண் வெற்றிடம்.

குரல் மேற்கே போய்விட்டிருந்தது.

"நிக்க முடியல மாமா... தள்ளுது..."

"எங்கடா இருக்கே? எந்தப் பக்கம்டா?"

"இங்க மாமா..." தெற்கிலிருந்து. பிறகு கிழக்கிலிருந்து. எலும்புகள் ஒரு மூலையில் திரும்பும் சத்தம், ஈரச் சுள்ளிகளை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல. பிறகு அவருக்கு நேரே, பிளந்த பலகைக்குப் பின்னால், ஏதோ ஒன்று வேகமாக அவர் விரல்களை உரசிக்கொண்டு கடந்தது. தலைமயிர். கன்னம். மூன்று நாள் தாடி.

பிடிக்கப் பார்த்தார். வழுக்கிவிட்டது.

தெருவில் வேனின் ஹாரன் அடித்தது. ஒரே ஒரு முறை, பொறுமையாக.

தச்சர் திரும்பிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் அவன் உட்கார்ந்திருந்தான். அவர் ஏறுவதற்காக ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. உடம்பு சாலையைப் பார்த்து நேராக இருந்தது. கைகள் இரண்டும் மடியில், ஒன்றின்மேல் ஒன்று. தலை மட்டும் கூரை விளிம்பைப் பார்த்து அண்ணாந்திருந்தது. உள்ளே மச்சான் கத்திக்கொண்டே மேற்கே ஓட, அந்தத் தலை மேற்கே திரும்பியது. தெற்கே ஓட, தோளைத் தாண்டித் திரும்பியது. நிற்கவில்லை. முதுகுப் பக்கமாக, கிழக்கே, எந்த அவசரமும் இல்லாமல், முழு வட்டமும் சுற்றி வந்து, சாரத்தின்மேல் நின்ற அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"வாங்க மாமா" என்றது. "அக்கா காத்துட்டிருப்பா."