வாலில் கட்டிய பட்டை

மழை விட்டும் விடாத காலை. பெங்களூரில் எலஹங்காவைத் தாண்டியிருந்த அந்தத் தனியார் மைதானத்தின் ஷெட்டுக்குள் உத்தமன் நுழைந்தபோது சாமந்தி வாசனையும் எண்ணெய் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறின.

ஆயுத பூஜை. ஹெலிகாப்டரின் மூக்கில் சந்தனம், குங்குமம். வால் முழுக்கச் சாமந்தி மாலை. பக்கத்துச் சுவரில் ஹரிஷ்குமாரின் போட்டோவுக்கும் ஒரு மாலை. அதைப் பார்த்ததும் உத்தமனுக்கு வயிறு எரிந்தது. செத்த பிறகும் முதல் மாலை அவனுக்குத்தான்.

இருவரும் பொம்மசந்திராவில் ஒரே லேத் பட்டறையில் இரும்புத்தூள் தின்றவர்கள். ஒன்றாகத்தான் இங்கே வந்தார்கள். ஹரிஷ் மெக்கானிக் ஆனான். உத்தமன் துடைக்கிற துணியோடு நின்றான். பைலட்டுக்குப் பக்கத்து சீட் எப்போதும் ஹரிஷுக்கு. போன பூஜையன்று அந்த சீட்டிலேயே செத்தான்.

காற்றில் சுழலாமலிருக்க ராத்திரியில் வால் விசிறியை ஒரு பட்டையால் கட்டிவைப்பார்கள். பட்டையில் சிவப்பு நாடா தொங்கும். 'பறக்கும் முன் அகற்று' என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தட்டிப் பார்ப்பவன் ஹரிஷ். அன்றைக்கு மட்டும் பூ கலையக்கூடாதென்று தட்டவில்லை. சூடத்தட்டோடு சுற்றி வந்ததையே சோதனை என்று நினைத்துவிட்டார்கள். நாடா மாலைக்கடியில் கிடந்தது. ஓடிய வேகத்தில் பட்டை அறுந்து விசிறியில் வெடிப்பு விழுந்தது. மேலே போனதும் வால் முறிந்தது. பைலட் பிழைத்தார்.

இது புது வண்டி. இன்றைக்கு அந்த சீட் உத்தமனுக்கு.

"என்ன குரு, மாப்பிள்ளை மாதிரி சட்டை," என்றான் கூட வேலை செய்யும் தருண். "பறக்கப் போறியா, தாலி கட்டப் போறியா?"

"உனக்கு ஏன்டா எரியுது?"

"எனக்கென்ன. ஹரிஷண்ணா எல்லாத்தையும் தட்டிப் பாப்பாரு. நீ தட்டலையே."

"தட்டித் தட்டித்தான் போய்ச் சேந்தான்."

உத்தமன் சூடத்தட்டோடு ஒரு சுற்று வந்தான். கண் முழுக்க அந்த சீட்டின் மேலேயே இருந்தது. பிறகு வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தினார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வரும் புது பைலட் கேப்டன் நோரா ஏறும்போது கேட்டார்.

"உத்தமன், வால் பாத்தாச்சா?"

"ஆச்சு மேடம்."

கதவு மூடியது. வெளிச்சத்தம் அடங்கியது. நோரா சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்.

மூக்குப் பக்கம். பிறகு கதவுக்குக் கீழே. பிறகு வயிற்றுப் பக்கம். நிதானமான விரல்.

"பின்னாடி யாரு, தருணா?" நோரா திரும்பாமலே கேட்டார்.

தருண் எதிரே தீயணைக்கும் சிலிண்டரோடு நின்றிருந்தான்.

"யாருமில்ல மேடம்," என்றான் உத்தமன்.

டொக். டொக்.

சத்தம் வாலுக்குப் போய் நின்றது. அங்கேயே நின்று, ஒரே இடத்தை மறுபடி மறுபடி தட்டியது.

நேற்று சாயங்காலம் பட்டையைக் கட்டியது உத்தமனின் விரல்களுக்கு நினைவிருந்தது. அவிழ்த்தது நினைவில்லை.

ஹெட்செட்டுக்குள் ஈரமான மூச்சு. அழுகிய சாமந்தி நாற்றம்.

"கையால பாருடா."

இறங்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தருண் சிரிப்பான், நாளைக்கு சீட் அவனுக்கு. ஹரிஷ் இருந்திருந்தால் என்று ஷெட்டே பேசும். செத்தவன் வந்து என் வேலையைச் சரிபார்க்கிறான். அதற்கு நான் இறங்குவதா?

"ஸ்டார்ட் பண்ணலாம் மேடம்."

தட்டல் நின்றது.

பறந்தார்கள். ஏரி, கூரைகள், பொம்மை லாரிகள். உத்தமன் எதையும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாலையே கேட்டுக்கொண்டிருந்தான். வண்டி பூப்போலத் தரையிறங்கி, விசிறிகள் நின்றன.

ஓடிப்போய் வால் மாலைக்குள் கையை விட்டான். பட்டை இல்லை.

அவிழ்த்திருக்கிறேன். நான்தான் அவிழ்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. ஷெட்டுச் சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்து, "இப்ப என்னடா சொல்ற?" என்றான்.

"அடுத்த ரவுண்டும் நீங்கதானாம், மேடம் கூப்பிடறாங்க," என்றான் தருண். முதல்முறையாக மரியாதை. பிறகு குரல் மாறியது. "பின்னாடி என்னண்ணா தொங்குது?"

உத்தமன் கையைப் பின்னால் கொண்டுபோனான். புதுச் சட்டைக்கு உள்ளே, இடுப்பைச் சுற்றி, ஈரமான பட்டை. சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. அது ஹரிஷ் போடும் முடிச்சு. சட்டைக்கு வெளியே சிவப்பு நாடா ஆடியது.

பறக்கும் முன் அகற்று.

அவன் முதுகெலும்பில் யாரோ விரல் நுனியால் தட்டிப் பார்த்தார்கள்.

டொக்.